தூக்கி நிறுத்திய சக்கரம்

நடந்ததைத்தான் எழுதுகிறேன். சாட்சிக்கு இரண்டு பேர் உண்டு. ஒருவர் இதைப் பற்றி இனிமேல் பேசமாட்டார். இன்னொருத்திக்கு, அங்கேயே இருந்தும், என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் சொல்லப்போவதில்லை. தேவிபட்டினத்துக்கு மேற்கே, கடல் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மட்டும் உப்பு வருகிற தூரத்தில் எங்கள் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேய் உண்டா என்று என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், எங்கள் வீட்டு டிராக்டர் கொட்டகையில் நான் பார்த்தது உண்மை.

என் தம்பி பாண்டித்துரை ஆவணி மாதம் இறந்துபோனான். அந்த டிராக்டர்தான் அவனை நசுக்கியது. சீட்டில் உட்கார்ந்திருந்தது அவன் மனைவி கோகிலா.

டிராக்டரில் கலப்பை மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் நின்று, ஓட்டைக்கு ஓட்டை சரிபார்த்து, ஆணியைச் சொருக வேண்டும். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று தம்பி கோகிலாவுக்கே வண்டி எடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தான். எஞ்சின் சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. அவன் கையில் இருந்த இரும்புக் காப்பால் மட்கார்டில் ஒரு தட்டு தட்டினால் ‘வா’. இரண்டு தட்டு தட்டினால் ‘நில்’.

அன்றைக்கு இரண்டு தட்டு கேட்டது. கோகிலா கிளட்ச்சை மிதித்தாள். கியரை எடுக்கவில்லை. அரை நிமிட வேலைக்கு எங்கள் பக்கம் யாரும் கியரை எடுப்பதில்லை, கிளட்ச்சை மிதித்தபடி காத்திருப்பார்கள். காலை எடுத்தால்தான் வண்டி நகரும். தம்பி நடுவில் குனிந்தான்.

வண்டி பின்னால் வந்தது.

“நான் அமுக்கித்தான் வச்சிருந்தேன். கால எடுக்கவே இல்ல.”

அவள் சொன்னது இவ்வளவுதான். போலீசிடம் சொன்னாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னாள். கொஞ்ச நாள் கழித்து யாரிடமும் சொல்வதில்லை. “பாவம், பதட்டத்துல கால எடுத்திருப்பா” என்று ஊரில் இரக்கத்தோடுதான் பேசினார்கள். அந்த இரக்கம்தான் அவளைத் தின்றது. எங்கள் அம்மா இருளம்மாளுக்கு அந்த இரக்கமும் இல்லை. மகன் போனதிலிருந்து மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே வீட்டில் படுத்து, ஒரு வார்த்தை இல்லை.

நான் மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். வண்டியை விற்றுக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். வந்த அன்றே ஒன்றைக் கவனித்தேன். கோகிலா எங்கே உட்கார்ந்தாலும் இடது காலைத் தரையில் அழுத்திக்கொண்டே இருந்தாள். அரிசி புடைக்கும்போதும் அழுத்தினாள். சாப்பிடும்போதும் அழுத்தினாள். ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தேன். தூக்கத்தில் அந்தக் கால் மட்டும் நீண்டு போய்ச் சுவரில் ஊன்றியது. பாதத்தின் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றரை மாதமாக இந்தப் பெண் அந்தக் கிளட்ச்சை மிதித்தபடியே இருக்கிறாள்.

நான் அவளை நம்பினேனா? தெரியவில்லை. நம்ப ஆசைப்பட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று அந்த இருட்டில் படுத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விபத்து நடந்த அன்று வேறொரு வண்டியால் இழுத்துவந்து கொட்டகையில் விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் டிராக்டரைத் தொடவில்லை. பின்னால் அந்தக் கலப்பையும் அப்படியே கிடந்தது. விற்கும் முன் ஓடுகிற நிலைமைக்குக் கொண்டுவர மெக்கானிக் காதர் மைதீனை வரச் சொல்லியிருந்தேன். தேவிபட்டினத்தில் பட்டறை வைத்திருப்பவர். தம்பிக்குப் பழக்கம். மத்தியானம் வருகிறேன் என்றவர் வரும்போது மணி ஆறு.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. வள்ளத்து எஞ்சின்ல கைய வச்சா விடமாட்டானுங்க. ரிப்பேரச் சொல்லிட்டு மீனக் காட்டி மயக்குறானுங்க.”

“மீனு எங்க?”

“மயங்குனதோட சரி. குடுக்கல.”

பலநாள் கழித்து அந்த வீட்டில் நான் சிரித்தேன். அவர் புது பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தபோது கோகிலா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அது நடந்த பிறகு அவள் அங்கே வந்தது அன்றைக்குத்தான்.

“அண்ணே, ஓடுறது ஓடாதது இருக்கட்டும். கிளட்ச்சப் பாருங்க. மிதிச்சா விடுதா, இல்லையா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க.”

வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. என்னிடம் பேசுகிற மாதிரி. “ஏ கனகு, வண்டிய விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?”

காதர் மைதீன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அவர் சக்கரத்தின் ரிம்மை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். “கடலுக்குள்ள எறக்குனீங்களோ?”

“ஆடிக் காத்துல ரெண்டு வள்ளம் கரையில மாட்டிக்கிச்சு. இழுத்துவிட அவுகதான் போனாக” என்றாள் கோகிலா. “வண்டி பாதி முங்கிருச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் எடுக்கவே இல்ல. மொத மொத எடுத்தது அன்னைக்கித்தான்.”

“அப்ப கோளாறுக்கு எடம் இருக்கு.” அவர் குரல் மாறியது. “எஞ்சின் பக்கம் ஒரு உருளை சுத்தும் தங்கச்சி. அதோட ஒட்டி பிளேட்டு சுத்தும். மிதிச்சா ரெண்டும் விலகணும். உள்ள உப்புத்தண்ணி போயி துருப்பிடிச்சா ரெண்டும் ஒட்டிக்கும். நீ என்ன மிதிச்சாலும் விலகாது. வண்டி போய்க்கிட்டேதான் இருக்கும்.”

“ஒட்டலேன்னா?”

அவர் ஜாக்கியை எடுக்கக் குனிந்தார்.

“ஒட்டலேன்னா எங்கால்தான்” என்றாள் கோகிலா.

முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார். இடது பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். தரையில் படாமல் நாலு விரல் உயரம். கியர் போட்டால் அந்தச் சக்கரம் மட்டும் அந்தரத்தில் சுற்றும். கிளட்ச்சை மிதித்தால் நிற்க வேண்டும். நின்றால் கிளட்ச் நல்ல கிளட்ச். நிற்காவிட்டால் அதுதான் கோளாறு. வண்டிக்கு அடியில் ஒரு சின்ன மூடியையும் கழற்றினார். டார்ச் அடித்தால் உள்ளே பிளேட் தெரியும் என்றார்.

“அக்கா, நீங்க ஏறி மிதிங்க.”

“நான் ஏறுறேன்” என்றாள் கோகிலா. “அன்னைக்கு மிதிச்சது எங்காலுதான.”

சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் செல்போன் வெளிச்சத்தோடு இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் கலப்பை.

மணி ஆறு ஐம்பது. போன் கையில் இருந்ததால் நினைவிருக்கிறது.

எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. கோகிலா கிளட்ச்சை மிதித்தாள். காதர் மைதீன் படியில் நின்று எட்டி, ரிவர்ஸ் கியரைப் போட்டார். சத்தமே இல்லாமல் விழுந்தது. அவர் முகம் சுருங்கியது. ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

“மிதிச்சுக்கிட்டே இரு தங்கச்சி.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பெடல் கீழ்த்தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேல் அமுக்க இடமில்லை.

நான் சக்கரத்தில் வெளிச்சத்தை அடித்தேன்.

சக்கரம் அசையவில்லை.

டயரின் கட்டைகளுக்கு நடுவே காய்ந்த மண். ஒரு துகள்கூட உதிரவில்லை. நின்ற சக்கரம் நின்றபடி இருந்தது. காதர் மைதீன் படியிலிருந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சட்டென்று பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்.

“மதினி…” கோகிலா கண்ணைத் திறக்கவில்லை. “சக்கரம் நிக்குதா?”

நிற்கிறது என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இவள் இந்த வண்டியை விட்டு உயிரோடு இறங்கினாலும் பிழைக்கமாட்டாள். மதுரையிலிருந்து நான் கிளம்பி வந்ததே தப்பு. பொய் சொல்லலாம். ஆனால் பொய் சொன்னால் அவள் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்ப்பாள்.

“மதினி… நிக்குதா?”

அப்போதுதான் அந்தச் சத்தம். கிணிங்.

எனக்குப் பின்னால். கலப்பையின் ஆணி ஒரு சங்கிலியில் தொங்கும். அது ஆடியது. கொட்டகையில் காற்று இல்லை. வாசலில் காயப்போட்டிருந்த சாக்குகூட அசையவில்லை.

கிணிங்… கிணிங்…

என் இடது தோளை ஒட்டி யாரோ கடந்துபோன மாதிரி இருந்தது. கலப்பைக்கும் வண்டிக்கும் நடுவில் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு நுழைவார்கள் இல்லையா… அப்படி. குளிர் அடிக்கவில்லை. எல்லாரும் குளிர் என்று சொல்வார்கள். எனக்குச் சூடாக இருந்தது. வயலில் வேலை செய்துவிட்டு வந்தவன் பக்கத்தில் நின்றால் வருகிற சூடு. வியர்வை வாடை.

சக்கரம் அசைந்தது.

மெதுவாக. பின்பக்கமாக. டயர்க் கட்டையிலிருந்து மண் உதிர்ந்தது.

“சுத்துது” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தினேன். “சுத்துது கோகிலா!”

“நான் அமுக்கித்தான் வச்சிருக்கேன்!”

அதே வார்த்தை. அதே குரலாகத்தான் இருந்திருக்கும்.

காதர் மைதீன் குதித்து இறங்கினார். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார்.

“அமுக்கு தங்கச்சி!”

“அமுக்கியிருக்கேண்ணே!”

“நல்லா அமுக்கு!”

இரண்டு காலையும் வைத்து மிதித்தாள். பெடல் தகட்டில் இடித்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடியில் காதர் மைதீனின் டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு வெளிச்சம் ஆடவில்லை.

ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

“என்ன பாய்?” என்றேன்.

நான் குனிந்து கூப்பிட்டேன்.

“பாய்…!”

“நிப்பாட்டுங்க.” அடியிலிருந்து குரல் வந்தது. “அக்கா, எஞ்சின நிப்பாட்டுங்க.”

ஓடிப்போய் நிறுத்தும் குமிழை இழுத்தேன். எஞ்சின் இருமி நின்றது.

கோகிலா ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

நான் சக்கரத்தைப் பார்த்தேன்.

சுற்றிக்கொண்டிருந்தது.

மிச்ச வேகம் என்று நினைத்தேன்…

ஒரு சுற்று…

இன்னும் அரைச் சுற்று…

டங்… டங்…

மட்கார்டில். நான் நின்ற பக்கத்தில். என் கைக்கு எட்டும் தூரத்தில்.

சக்கரம் நின்றது.

காதர் மைதீன் அடியிலிருந்து வந்தார். கையைத் துடைத்தார். அழுக்கு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். கோகிலா அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். “என்னண்ணே?”

“விடல தங்கச்சி.” அவர் அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார். “ஒட்டிக்கிட்டிருக்கு. நீ எம்புட்டு அமுக்கியிருந்தாலும் வண்டி வந்துதான் இருக்கும். யாரு உக்காந்திருந்தாலும் அதான். ஒன்மேல தப்பு இல்ல.”

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஒரேயடியாக எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று யோசித்து யோசித்து எடுத்தாள். ஸ்பிரிங் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தத்தோடு மேலே வந்தது.

கொட்டகை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதைக் கேட்டாள் தெரியாது. கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏ கோகிலா. எறங்கி வா. சோறு ஆறுது.”

அவ்வளவுதான் சொன்னாள். கோகிலா இறங்கி வந்து அப்படியே அவள் மேல் சாய்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். அன்று ராத்திரி கோகிலா காலை மடக்கிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை. அந்த இரண்டு தட்டை அவர்களும் கேட்டார்களா, அல்லது நான் மட்டும்தான் கேட்டேனா என்று விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பீரோவைத் திறந்து பார்த்தேன். தம்பியின் இரும்புக் காப்பு துணியில் சுற்றியபடி இருந்தது.

வண்டியை விற்க வேண்டாம் என்று காலையில் கோகிலா சொன்னாள். கிளட்ச்சைச் சரிபண்ணி அவளே உழப்போகிறாளாம். காதர் மைதீன் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் மதுரை திரும்பினேன்.

ஐப்பசி பிறந்ததும் ஊருக்கு வரும் வழியில் தேவிபட்டினத்தில் இறங்கிப் பட்டறைக்குப் போனேன். தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் வருவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

“வண்டிய அன்னைக்கே முடிச்சுக் குடுத்துட்டேன் அக்கா.”

“தெரியும். பிளேட் ரொம்பத் துருப்பிடிச்சிருந்துச்சா?”

அவர் வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உள்ள ஒரு பொட்டுத் துரு இல்ல. பிளேட்டு பளபளன்னு இருக்கு. தண்ணி உள்ளயே போகல. முப்பது வருசமா இந்தத் தொழில்ல கெடக்கேன், இதவிடச் சுத்தமான கிளட்ச்ச நான் பிரிச்சதில்ல.”

நான் பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டேன்.

“ஒட்டியிருந்தா கியரு கரகரன்னு கத்திக்கிட்டு விழும். அன்னைக்கு வெண்ணெயில கத்தி எறங்குற மாதிரி விழுந்துச்சே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சக்கரமும் நின்னுச்சு. நீங்களும் பாத்தீங்க.”

“அப்புறம் சுத்துச்சே பாய்.”

“சுத்துச்சு. அடியில போயி டார்ச் அடிச்சேன். பெடலு முழுசா அமுங்கியிருக்கு. பிளேட்டு விலகியிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியுது அக்கா. அந்தச் சக்கரத்த எஞ்சின் சுத்தல.”

கடற்கரைப் பக்கம் ஒரு வள்ளத்தின் எஞ்சின் படபடத்து அடங்கியது.

“பின்ன ஏன் ஒட்டிக்கிட்டிருக்குன்னு சொன்னீங்க?”

“பாண்டித்துரையே சக்கரத்தத் தொட்டுச் சொல்றத நான் எப்பிடி அக்கா இல்லேங்கறது? எத்தன வருசப் பழக்கம்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்ல பிளேட்ட எதுக்குத் தூக்கிப்போட? அதையே மறுபடி மாட்டிட்டேன். அந்தப் புள்ளைகிட்ட மட்டும், புதுசு மாத்தியாச்சுன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க. அல்லா மன்னிப்பான். இதப்பத்தி இனி நான் பேசமாட்டேன்.”

பஸ்ஸில் வரும்போது யோசித்தபடி வந்தேன். கிளட்ச்சில் குறையில்லை என்றால் அன்றைக்குக் கால்தான் எழும்பியிருக்கிறது. ஒரு நொடி. அவளுக்கே தெரியாமல். குனிந்திருந்தவனுக்குத்தான் அது முதலில் தெரிந்திருக்கும். என் தம்பி அந்த ஒரு நொடியில் என்ன நினைத்தான் என்பதை இத்தனை நாளும் நினைத்துப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன். இனி பயமில்லை. அவன் என்ன நினைத்தான் என்று பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழைக்கு முன்னால் உழுது விதைத்துவிட வேண்டும். களத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோகிலா சீட்டில் இருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

“மதினி, நல்ல நேரத்துக்கு வந்தீக. ஆணி சொருக ஆளில்லாம முழிச்சுக்கிட்டிருக்கேன். வாரீகளா?”

கேட்டுவிட்டு அவளே தயங்கினாள். “பயப்படாதீக. புது பிளேட்டு.”

“தெரியும். பாய் சொன்னாரு” என்றேன்.

வண்டிக்கும் கலப்பைக்கும் நடுவில் போய் நின்றேன். அவள் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தபடி வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தாள். டயர் என் இரு பக்கமும் சுவர் மாதிரி வந்தது. ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்ததும் கையைத் தூக்கினேன். வண்டி நின்றது. அவள் கியரை எடுக்கவில்லை. யாரும் எடுப்பதில்லை.

குனிந்தேன். ஆணியைச் சொருகினேன்.

“ஆச்சா மதினி?”

“இல்ல. கொஞ்சம் இரு.”

ஆகியிருந்தது. ஆனாலும் நான் உடனே வெளியே வரவில்லை. எஞ்சினின் அதிர்வு முதுகில் ஏற, அங்கேயே குனிந்து நின்றேன். அவள் காலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.